இரவல் போன கார்

மே 19, ஞாயிறு

கரூரில் முகூர்த்தம். என் வீட்டுக்காரி சாந்தாமணியின் சித்தப்பா பேத்தி கல்யாணம். மண்டபத்தில் ஏசி ஓடவில்லை, சாப்பாட்டில் மட்டும் குறை சொல்ல முடியாது. எனக்குப் பாதி மனசு கொப்பரைக் களத்திலேயே இருந்தது. தேங்காய்ப் பருப்பு மூன்று வெயில்தான் கண்டிருக்கிறது. இந்த நேரத்தில் ஒரு தூறல் விழுந்தாலும் பூஞ்சை பிடித்துவிடும். தாலி கட்டும்போதுகூட ஜன்னல் வழியாக மேகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வழக்கம்போல சிகாமணிதான் கார் ஓட்டினான். என் தங்கை பூங்கொடியின் வீட்டுக்காரன். பல்லடத்தில் தறி போட்டு, நொடித்து, கடைசியில் தறிகளை எடைக்குப் போட்டவன். ஐந்து வருடமாக எங்கள் ஊரில்தான், என் லைன் வீட்டில்தான் குடும்பம். நூல் கமிஷன் என்று அங்கேயும் இங்கேயும் அலைகிறான். ஒன்றும் சரிப்படவில்லை. பூங்கொடி பனியன் பிசிறு வெட்டுவதில்தான் அடுப்பு எரிகிறது.

கார் என்று ஒன்று இருந்தால் அது நாலு பேருக்கு ஆகவேண்டும் என்பது என் கொள்கை. பிரசவம், பெண் பார்ப்பது, பழனி, திருச்செந்தூர் என்று ஊரில் யார் கேட்டாலும் சாவியைக் கொடுத்துவிடுவேன். மாப்பிள்ளைக்கோ கேட்கவே வேண்டாம். அவனும் எங்களுக்கு எங்கே போகவேண்டும் என்றாலும் வந்து நிற்பான். எனக்குக் கண் கூசுகிறது என்று ஆன பிறகு நான் ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை.

ஒரு வேடிக்கை. சாப்பிட்டுக் கிளம்பும்போது மண்டப வாசலில் டிரைவர்களுக்குப் பேட்டா கவர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட், கையில் சாவி. சிகாமணி கையிலும் ஒன்றைத் திணித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "வாங்கிக்குங்க மாப்ளே, வர்ற லட்சுமிய வேண்டாங்காதீங்க" என்றேன். சாந்தாமணியின் அண்ணன்மார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவனும் சிரித்தான். வெள்ளை அவனுக்கு எடுப்பாக இருக்கும் என்று தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன்.

வரும் வழியில் வெள்ளகோவிலில் டீக்கடை ஓரம் நிறுத்தி இரண்டு பன் வாங்கித் தின்றான். கல்யாணச் சாப்பாட்டுக்குப் பிறகு பன் எதற்கு என்று தெரியவில்லை.

மே 22, புதன்

பயந்தபடியே மழை. ஆள்கள் தார்ப்பாயை இழுப்பதற்குள் பாதி நனைந்துவிட்டது. நாளெல்லாம் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது.

சாயங்காலம் சிகாமணி வந்தான். உள்ளே வாங்க என்றால் செருப்பு ஈரமாக இருக்கிறது என்று வாசலிலேயே நிற்பான். "ஞாயித்துக்கெழம வண்டி வேணுமுங்க மச்சான். புள்ள கௌசிகா படிப்பு முடிஞ்சுதுங்க. ஈரோட்டுல ஆஸ்டலக் காலி பண்ணோணும். மூணு வருசத்துச் சாமானுங்க, பஸ்ஸுல ஏத்தியாற முடியாது."

கேட்டு வாய் மூடுமுன் சரி என்றேன். அப்போதுதான் சாந்தாமணிக்கு ஞாபகம் வந்தது, ஞாயிறன்று அவள் அம்மாவைக் கரூரில் அவள் தம்பி வீட்டில் கொண்டுபோய் விடவேண்டும், திங்கள் கண் ஆபரேஷன் என்று. முதலில் அதை முடித்துக்கொண்டு அப்படியே ஈரோடு போய்விடச் சொன்னேன். கொஞ்சம் சுற்றுதான்.

"புள்ள பத்து மணிக்கு ரூமச் சாத்திக் குடுக்கோணுமுங்க" என்றான்.

"வெடியால நேரமே பொறப்பட்டா எல்லாம் ஆகும் மாப்ளே."

கொஞ்ச நேரம் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "சரிங்க மச்சான்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மே 25, சனி

வெயில் வந்துவிட்டது. நனைந்த பருப்பைத் தனியாகப் பிரித்தோம். டயருக்குக் காற்றுப் பிடித்து வைக்கச் சொல்லி சிகாமணிக்குப் போன் செய்தேன்.

மே 26, ஞாயிறு

சிகாமணி போய்விட்டார்.

மே 29, புதன்

எழுதினால் ஆறும் என்று எடுக்கிறேன். ஆறவில்லை.

மாமியாரைக் கரூரில் இறக்கிவிட்டுத் திரும்பியிருக்கிறார். கொடுமுடி ரோட்டில் ஒரு சின்னப் பாலம். பாலத்தடியில் டீக்கடை வைத்திருப்பவர் பார்த்தாராம். மயில் ஒன்று குறுக்கே தாழப் பறந்து கண்ணாடியில் மோதியிருக்கிறது. அவர் ஒடித்த வேகத்தில் கார் பாலத்துக் கட்டையில் ஏறிவிட்டது. எங்கள் பக்கம் மயிலால் விழாத ஆளே இல்லை, எல்லாரும் முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு எழுந்து வருகிறார்கள். இவர் எழவில்லை.

கௌசிகா ஆஸ்டல் கேட்டில் பெட்டிகளோடு நின்றிருக்கிறாள். போன் போட்டுப் போட்டுப் பார்த்து, கடைசியில் யாரோ ஒரு போலீஸ்காரர்தான் எடுத்தாராம்.

ஈரோட்டுக்கு வண்டி கேட்டவர் கரூர்ப் பக்கம் எதற்குப் போனார் என்று செவ்வாய்க்கிழமை போலீஸில் கேட்டார்கள். சாந்தாமணியின் அண்ணன்மார் சுற்றி நின்றார்கள், மாமியாருக்கு அன்றைக்கு முதல் நாள்தான் ஆபரேஷன் ஆகியிருந்தது. அந்த அம்மாளை எதற்கு ஸ்டேஷனுக்கு இழுக்கவேண்டும். ஏதோ சொந்த வேலை, காரை இரவல் வாங்கிக்கொண்டு போனார் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். இரவல் கொடுத்தது உண்மைதானே.

ஜூன் 7, வெள்ளி

இன்சூரன்ஸ் ஏஜெண்ட் ரத்தினவேலு வந்தார். பத்து வருடப் பழக்கம். வருடா வருடம் பாலிசியைப் புதுப்பித்துக் கொடுப்பவர், நான் இதுவரை அதைப் பிரித்துப் படித்ததில்லை. காருக்குக் கவலை வேண்டாம் என்றார். மாப்பிள்ளையின் லைசென்ஸ் செல்லும், அதனால் யார் ஓட்டியிருந்தாலும் ரிப்பேர்ச் செலவைக் கம்பெனி கொடுத்துவிடும். அடுத்த வருடம் எனக்குக் கிடைக்கவேண்டிய தள்ளுபடிதான் போகும்.

"அது கெடக்குதுங்க. என் தங்கச்சிக்கு என்ன கெடைக்கும்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எதுத்தாப்புல அடிபட்டவனா இருந்தா உண்டுங்க. நீங்களே ஓட்டிப் போயி நீங்களே போயிருந்தாலும் உங்கூட்டுக்குப் பதினஞ்சு லட்சம் உண்டு. இரவல் வாங்கி ஓட்டுனவருக்குத்தானுங்க இல்ல. இரவல் வாங்குனவரு ஓனரு எடத்துல உக்காந்தாப்புல. அதனால அவுரு வெளியாளு இல்ல. ஆனா ஓனருக்குள்ள காசு ஓனருக்கு மட்டுந்தான்."

"எங்கயும் சேராத ஆளுன்னு சொல்றீங்க."

"ஆமாங்க. ஆரு ஓட்டுனாலும் காப்பு வர்ற மாதிரி தனியா ஒண்ணு சேத்திக்கலாம்னு போன வருசம் கேட்டனுங்க. என்ற வண்டிய என்ற ஆளுங்கதான் ஓட்டுவாங்க, எதுக்குத் தெண்டச் செலவுன்னு சொல்லிப்போட்டீங்க."

சொல்லியிருப்பேன். என் வாய் அப்படிப்பட்டதுதான்.

கிளம்பும்போது செருப்பைப் போட்டுக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "ஒரு வழி இருக்குதுங்க. சம்பளத்துக்கு ஓட்டுற டிரைவருக்குன்னு உங்க பாலிசில அம்பது ரூவா கட்டியிருக்குது. மாப்ள உங்ககிட்ட டிரைவரா இருந்தாருன்னா, உங்க வேலையாப் போனாருன்னா, எட்டு ஒம்பது லட்சம் வரும். நானா எதுவும் சொல்லலீங்க. இருந்தாருன்னா."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "என் தங்கச்சி புருசனை என்ற டிரைவர்னு எழுதிக் குடுக்கச் சொல்றீங்களா? ஊர் காறித் துப்பாதுங்களா?" என்றேன். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஜூன் 8, சனி

காருக்கு உண்டு, ஆளுக்கு இல்லை. இரவெல்லாம் இதுவே ஓடுகிறது.

ஜூன் 10, திங்கள்

பதினாறாம் நாள் காரியம். ஐயர், பந்தல், சாப்பாடு எல்லாம் என் செலவுதான். பந்தியில் கடைசி ஆள்வரை நானே நின்று கவனித்தேன். யாரும் குறை சொல்லவில்லை.

கௌசிகா தண்ணீர் சொம்பை என் கையில் கொடுக்காமல் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். எல்லாரும் கிளம்பிய பிறகு, நானாகப் போய்த் தலையைத் தடவினேன். நகர்ந்துகொண்டாள்.

"அப்பா கடைசியா எட்டு மணிக்குப் பேசுனாருங்க மாமா. 'மாமா வேலை இன்னும் முடியல கண்ணு, முடிச்சுட்டு ஓடியாறேன்'னு சொன்னாரு. வார்டன் பத்து மணிக்குப் பூட்டிருவாங்கன்னு நாந்தான் அவசரப்படுத்துனேன்."

அவளுக்கு அவள் மேலேயே கோபம். உன் தப்பு இல்லை கண்ணு என்று நான் சொல்லியிருக்கவேண்டும். அப்படிச் சொன்னால் யார் தப்பு என்று அடுத்ததாகச் சொல்லவேண்டி வரும். சொல்லவில்லை.

ஜூன் 20, வியாழன்

பருப்பு நல்ல விலை போகிறது. அதில் சந்தோஷமில்லை.

பூங்கொடியின் வீட்டில் பனியன் மூட்டைகள் இரட்டிப்பாகிவிட்டன. தாயும் மகளும் காலையிலிருந்து இருட்டும்வரை பிசிறு வெட்டுகிறார்கள். தறிக்கு வாங்கிய கடன் இன்னும் முடியவில்லையாம், இவர் போன பிறகுதான் எனக்கே தெரிகிறது. காலேஜில் பாக்கி கட்டினால்தான் கௌசிகாவின் சர்டிபிகேட் கையில் வரும். சர்டிபிகேட் இல்லாமல் எந்த ஆஸ்பத்திரியிலும் நர்ஸ் வேலைக்குச் சேர முடியாது. நர்ஸ் படித்த பெண் பனியனில் நூல் வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

பணம் கொண்டுபோனேன். பூங்கொடி கத்திரியைக் கீழே வைக்காமலே சொன்னாள். "வேண்டாங்ணா. அவரு இருந்தவரைக்கும் உங்ககிட்ட ஓசில கெடக்கறோம்னு ஒரு சொல் இருந்துது. இனி அது வேண்டாம்."

"ஆரு அம்மிணி அப்படிச் சொன்னது?"

லைன் வீட்டு வாடகையை இந்த மாதத்திலிருந்து கொடுத்துவிடுகிறேன் என்றாள். வீட்டுக்கு வந்து சாந்தாமணியிடம் சொன்னேன். "நீங்கதான் வாரவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொல்லிக்கிட்டிருந்தீங்க, எங்கூட்டுலதான் இருக்குறாங்கன்னு" என்றாள். பெருமைக்குச் சொன்னதில்லை. கேட்டவர்களுக்குச் சொன்னது.

ஜூலை 3, புதன்

கார் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்துவிட்டது. முன் கண்ணாடி புதுசு, பானட் புதுசு, பெயின்டும் புதுசு. வாங்கிய அன்று இருந்ததைவிடப் பளபளப்பாக இருக்கிறது. கம்பெனி முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டது. ஓட்டி வந்த பையன் சாவியை நீட்டினான். வாங்கக் கை போகவில்லை, ஆணியில் மாட்டச் சொன்னேன்.

டிரைவர் சீட்டை அவர் உயரத்துக்குப் பின்னால் தள்ளி வைத்திருப்பார். எவனோ அதை முன்னால் இழுத்து வைத்திருக்கிறான்.

ஜூலை 9, செவ்வாய்

பல நாள் யோசித்து இன்று முடிவுக்கு வந்தேன். ஐம்பத்தெட்டு வயது வரை நாணயமாக வியாபாரம் செய்தவன். களத்தில் ஒரு மூட்டை எடை குறைந்தது என்று யாரும் சொன்னதில்லை. தங்கைக்காக அந்தப் பொய்யைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். ஊர் என்ன வேண்டுமானாலும் பேசட்டும். ரத்தினவேலுவிடம் சொல்லி மனுவும் போட்டாயிற்று.

பூங்கொடியிடம் எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

"அம்மிணி, ஒரு பொய் சொல்லோணும். எனக்கே நாக்கு எந்திரிக்க மாட்டீங்குது. உனக்குக் கேக்கவும் கஷ்டமாத்தான் இருக்கும். மாப்ள என்ற கார் டிரைவரா இருந்தாருன்னு சொல்லோணும். சொன்னாத்தான் கம்பெனி குடுப்பான். அவுரு ஆத்மா மன்னிச்சுக்கோணும்."

அவள் பனியனைத் திருப்பிப் போட்டாள். "இதுல பொய் எதுங்ணா?"

எனக்குப் புரியவில்லை.

"அஞ்சு வருசமா உங்க வண்டிய ஓட்டுனது ஆருங்க? உங்க மாமியாளக் கொண்டுபோயி உட்டது ஆருங்க? பல்லடத்துல நூல் பார்ட்டி வரச் சொன்ன அன்னைக்கெல்லாம் நீங்க திருச்சிக்கும் கோயமுத்தூருக்கும் கூப்புட்டீங்க. போகாட்டி மச்சான் என்ன நெனைப்பாருன்னு வந்தாரு. எத்தன பார்ட்டி கையை விட்டுப் போச்சுன்னு உங்களுக்குத் தெரியுங்களா? நாங்க கார் கேட்டது மொத்தமா ரெண்டே தடவைங்ணா. எங்க மாமனாரு சாவுக்கு ஒருக்கா, இதுக்கு ஒருக்கா."

அவள் குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் நானும் ஏதாவது கத்தியிருப்பேன்.

"கரூர் கல்யாணத்துல சாப்புடப் போனவர, 'டிரைவருங்களுக்குக் கடைசிப் பந்தி, இருப்பா'ன்னு எந்திரிக்க வெச்சுட்டாங்களாம். உங்க மச்சாங்க பார்த்துக்கிட்டுத்தான் இருந்தாங்களாம். பசியோட வந்தாரு. அந்தக் கவரக் கொண்டாந்து எங்கையில குடுத்து, 'பூவு, அஞ்சு வருசத்துல மொத மொதச் சம்பளம்'னு சிரிச்சாரு. அப்புறம் அன்னைக்கு முச்சூடும் பேசவே இல்ல."

கௌசிகா எழுந்து உள்ளே போய்விட்டாள். எப்போது அங்கிருந்து கிளம்பினேன், எந்த வழியாக வீட்டுக்கு வந்தேன் என்று நினைவில்லை.

ஜூலை 12, வெள்ளி

சாப்பிடப் பிடிக்கவில்லை. சாந்தாமணியிடம் கேட்டேன், நான் அவரை அப்படியா நடத்தினேன் என்று. "ரசம் ஊத்தட்டுங்களா?" என்றாள்.

ஜூலை 16, செவ்வாய்

கம்பெனியிலிருந்து விசாரிக்க ஓர் அம்மாள் வந்தார். கோயம்புத்தூர்க்காரர், என் வயதுதான் இருக்கும், மரியாதையாகப் பேசினார். பூங்கொடியின் வீட்டில் பனியன் மூட்டைகளை ஒதுக்கி நாற்காலி போட்டோம். நான் வாசற்படியில் உட்கார்ந்தேன். காரை எதிரே நிறுத்தியிருந்தோம், அதையும் பார்க்கவேண்டும் என்றிருந்தார்.

முதலில் என்னிடம்தான் கேட்டார். "போலீஸ்ல இரவல் வாங்கிட்டுச் சொந்த வேலையாப் போனார்னு சொல்லியிருக்கீங்களேங்க?"

"அது பொய்யிங்க" என்றேன். "என்ற மாமியாள விடறதுக்கு நாந்தான் அனுப்புனேன். அன்னைக்குச் சொல்லப் பயந்துட்டேன்." சொல்லி முடித்ததும் உள்ளே கௌசிகா அழுகிற சத்தம் கேட்டது.

பிறகு பூங்கொடியிடம் கேட்டார். அவள் தடுமாறவே இல்லை. எத்தனை வருடமாக ஓட்டினார்? அஞ்சு வருசம். எப்போதெல்லாம்? கூப்பிட்டபோதெல்லாம். லீவு? கிடையாதுங்க. உடுப்பு? எங்கண்ணன்தான் வருசத்துக்கு ரெண்டு சோடி வெள்ளை எடுத்துக் குடுப்பாருங்க. தங்கியிருந்தது? அவிய லைன் வீடுதானுங்க. அந்த அம்மாள் தலையாட்டிக்கொண்டே எழுதினார். ஒவ்வொன்றும் நிஜம். நான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கேட்டேன்.

"மாசச் சம்பளம் எவ்வளவுங்க?"

பூங்கொடி நிறுத்திவிட்டாள். "அத எங்கண்ணன்தான் சொல்லோணும்" என்றாள்.

"பன்னெண்டாயிரமுங்க" என்றேன்.

"பேங்க்ல போடுவீங்களா?"

"கையிலதானுங்க."

"கையெழுத்து வாங்கினது எதாச்சும்? இல்லை ஒரு மாசமாவது போன்ல அனுப்பினது? சம்பளத்துக்குன்னு ஏதாவது ஒரு அத்தாட்சி வேணும்ங்க. அதுதான் முக்கியம். அது இல்லைன்னா மத்ததெல்லாம் சொந்தக்காரர் ஒத்தாசைக்கு ஓட்டினார்னு ஆயிடும். நான் எழுதினாலும் மேல நிக்காது."

என்னிடம் என்ன இருக்கிறது. பெட்ரோல் போட்ட காசு இருக்கிறது, டோல் கட்டிய காசு இருக்கிறது. அவருக்கென்று கொடுத்தது ஒன்றும் நினைவில் வரவில்லை.

பூங்கொடி எழுந்து உள்ளே போனாள். சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு கவரை எடுத்து வந்தாள். மஞ்சள் தடவிய கல்யாணக் கவர். மேலே 'டிரைவர்' என்று எழுதியிருந்தது. பிரிக்கவே இல்லை.

"இது அவரு வாங்குன சம்பளமுங்க" என்றாள்.

அந்த அம்மாள் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மெதுவாக, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். "இது கல்யாண வீட்டுக்காரங்க குடுத்ததும்மா. ஓனர் குடுத்தது எதாச்சும் இருக்குங்களா?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் எதிரே நின்ற காரைப் பார்த்தேன். ஐந்து வருடத்தில் அவருக்கு என்று என் கையால் கொடுத்தது அதன் சாவி ஒன்றுதான். அதையும் இரவலாகத்தான் கொடுத்திருந்தேன்.